மாஜரின் வாளியில் இஞ்சிப் பியர்: முதன்முறை செய்பவர்களுக்கு

லண்டனில் இருக்கும் என் மச்சான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குசினியிலேயே கழிக்கிறான். சமையலுக்காக அல்ல, பேல் ஏல் என்ற இளநிறப் பியரைக் காய்ச்சுவதற்காக. பிரித்தானியாவில் 1963ஆம் ஆண்டிலிருந்து வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. காலையில் தொலைபேசியை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்குவான். மாங்குளத்தில் என் சைக்கிள் திருத்தும் கடையில் ரியூபுக்கு ஒட்டுப் போட்டபடி நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் நாளிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. முளைகட்டி உலர்த்திய பார்லியை 66 பாகை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைக்க வேண்டுமாம். அந்தச் சூடு இறங்காமல் இருக்க அவன் பயன்படுத்தியது சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி. எங்கள் ஊர் மீன்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிவரும் ரெஜிபோம் பெட்டியின் உடன்பிறப்பு அது. ஐஸ் உருகாமல் காக்கும் பெட்டி வெந்நீர் ஆறாமலும் காக்கும். போர்க்காலத்தில் ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் போட்டு விளக்கெரித்த, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர்க்காரனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று நினைத்தேன்.

ஆனால் பேல் ஏலை இங்கே இலங்கையில் அப்படியே செய்ய முடியாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் பியர் வடித்தால் மதுவரித் திணைக்களத்தார் படலையைத் தட்டுவார்கள். சட்டத்தை விட்டாலும் வெயில் விடாது. பேல் ஏலுக்கான ஆங்கில ஈஸ்ட் 18 முதல் 20 பாகைக்குள் இரண்டு கிழமை அமைதியாகக் கிடந்து வேலைசெய்ய வேண்டும். சித்திரையில் எங்கள் வீட்டு நிழலே 34 பாகை. அந்தச் சூட்டில் வாழைப்பழ வாசமும் தலையிடி தரும் காரமும்தான் வரும். வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் பியர் காய்ச்ச நுவரெலியா மலைக்கு ஏறியது சும்மா அல்ல.

ஆகவே அதே வேலைமுறையை வைத்து நான் செய்வது இஞ்சிப் பியர். காய்ச்சுவது, ஆறவிடுவது, ஈஸ்ட் போடுவது, போத்தலில் அடைப்பது எல்லாம் ஒன்றுதான். இரண்டு கிழமை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு நாள் போதும். கீழே சொல்வது எட்டு லீற்றருக்கான கணக்கு.

என்னென்ன வேண்டும்

பச்சை இஞ்சி 300 கிராம். குருநாகல் பக்கத்திலிருந்து வரும் இஞ்சியே எங்கள் சந்தைக்கும் வருகிறது. விலை ஏறிய காலத்தில் 200 கிராமுடன் காய்ந்த மிளகாய் இரண்டைச் சேர்த்துச் சமாளித்திருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. சீனி 700 கிராம். பனங்கட்டி 100 கிராம், அதாவது சிறிய குட்டான் ஒன்று. முழுவதையும் பனங்கட்டியாகவே போட்டால் இஞ்சி அமுங்கிவிடும், நிறமும் கறுக்கும். தேசிக்காய் ஏழெட்டு. கராம்பு ஆறு, கறுவாப்பட்டை விரல் நீளத்தில் ஒன்று. பாண் போடுகிறவர்கள் பயன்படுத்தும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி, கூம்பாக அல்ல, மட்டமாக. குறைவாகத் தெரிகிறதே என்று அரைக் கரண்டி போட்டால் பாண் மாவைக் கரைத்துக் குடித்ததுபோல் இருக்கும்.

ஈஸ்டுக்குப் பதிலாகக் கள்ளுப் போடலாமே என்று மாமி கேட்டார். அப்பத்துக்குக் கள்ளு விட்டு மா புளிக்கவைத்த கை அவருடையது, கேள்வியும் நியாயமானது. கள்ளுக்குள் இருப்பதும் ஈஸ்ட்தான். ஆனால் அதோடு புளிப்பாக்கும் பக்டீரியாக்களும் கூட்டமாக வரும். அப்பத்துக்கு அந்தப் புளிப்பு அழகு. போத்தலுக்குள் அடைத்தால் இரண்டாம் நாளே விநாகிரிக்கு வழி தேடும்.

இனிப் பாத்திரங்கள். காய்ச்சுவதற்குப் பெரிய சில்வர் பானை ஒன்று. அலுமினியப் பானையில் காய்ச்சலாம், ஆனால் தேசிப்புளி விட்ட பிறகு அதில் வைத்திருக்காதீர்கள், உலோகச் சுவை ஏறும். கலக்குவதற்கு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி. பேக்கரிகளில் வெறுமையாகும் மாஜரின் வாளியை நான் கேட்டு வாங்கினேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சவர்க்காரத் தூளும் வெந்நீரும் விட்டு மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது. உணவு வந்த வாளி என்பதுதான் முக்கியம். பெயின்ற் வாளி கூடாது. வயலுக்கு மருந்தடித்த கலன், உரம் கரைத்த வாளி என்று எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக் கொட்டிலிலும் ஏதாவது கிடக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவற்றை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

வடிகட்டப் புதிய வேட்டித் துண்டு. புனலுக்குச் சோடாப் போத்தலின் கழுத்தை அரிந்து தலைகீழாகப் பிடித்தால் போதும். வாளியிலிருந்து போத்தலுக்கு இறக்க, பாமசியில் புதிதாக வாங்கிய சேலைன் குழாய். மச்சானிடம் சூடான பியரை ஆறவைக்கச் செப்புக் குழாய்ச் சுருள் ஒன்று இருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட பக்கத்துக் கடைக்காரர் பழைய பிரிட்ஜிலிருந்து கழற்றிய சுருளைக் கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லி வாங்கி இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அதற்குள் இயந்திர எண்ணெய் ஊறியிருக்கும்.

போத்தல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

நான் முதன்முதலில் செய்தபோது கண்ணாடிப் போத்தல்களில் அடைத்தேன். அழகாக இருந்தது. பன்னிரண்டு போத்தலையும் களஞ்சிய அறையில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டாம் நாள் நள்ளிரவு தாண்டி முதல் போத்தல் வெடித்தது. அதன் சில்லுப் பட்டோ என்னவோ அடுத்ததும் வெடித்தது. அம்மா கட்டிலிலிருந்து உருண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டார், இரண்டு கைகளும் தலைக்கு மேலே. நானும் அப்படித்தான் கிடந்தேன். போர் முடிந்தபின் பிறந்த என் மகள் மட்டும் எழுந்துபோய், மின்விளக்கைப் போட்டு, "அப்பா, உங்கள் பியர்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அம்மா அந்தக் கிழமை முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஏன் வெடித்தது என்று மச்சானிடம் கேட்டேன். அவன் போத்தல்கள் ஒருநாளும் வெடித்ததில்லையாம். அவன் சொன்ன கணக்கு இது. பேல் ஏலில் ஈஸ்ட் தின்னக்கூடிய இனிப்பை எல்லாம் வாளியிலேயே தின்று முடித்துவிடும். காற்று வெளியே போய்விடும். போத்தலில் அடைக்கும் நேரத்தில் நுரைக்காக லீற்றருக்கு ஆறு கிராம் சீனி மட்டும் போடுவார்கள். அதைத் தின்றதும் ஈஸ்டுக்கு வேலை இல்லை. நம் இஞ்சிப் பியர் அப்படியல்ல. குடிக்கும்போது இனிக்க வேண்டும் என்பதற்காக லீற்றருக்கு நூறு கிராம் இனிப்போடு அடைக்கிறோம். நல்ல நுரைக்கு அதில் எட்டுக் கிராம் கரைந்தாலே தாராளம். மீதித் தொண்ணூற்றுச் சொச்சம் கிராமும் உள்ளே காத்திருக்கிறது. குளிரவைத்து ஈஸ்டை உறங்கவைக்கவில்லை என்றால் அது தின்றுகொண்டே போகும், காற்று கூடிக்கொண்டே போகும். எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது.

அன்றிலிருந்து பிளாஸ்டிக் மட்டும்தான். அதிலும் சோடாவோ கோலாவோ வந்த ஒன்றரை லீற்றர்ப் போத்தல். தண்ணீர்ப் போத்தல் வேண்டாம், அது அமுக்கத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அடியைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: சோடாப் போத்தலுக்குப் பூவிதழ்போல் ஐந்து கால்கள் இருக்கும். எட்டு லீற்றருக்கு ஆறு போத்தல்கள் வேண்டும். மூடிக்குள் ரப்பர்போன்ற வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

முதல் நாள் இரவு

ஆறு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடியபடியே விடியும்வரை ஆறவிடுங்கள். மண்பானையில் ஊற்றிவைத்தால் குளிரும் என்பது உண்மைதான், ஆனால் அதன் நுண்துளைகளில் குடியிருப்பவர்களைக் கொதிநீர்கூட முழுதாக வெளியேற்றாது. சில்வர்ப் பாத்திரத்திலேயே இருக்கட்டும். பிரிட்ஜில் இடமிருந்தால் பாதியை அதற்குள் வையுங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு விடும். பேல் ஏல்காரர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுவார்கள். இங்கிலாந்தில் பேர்ட்டன் என்ற ஊர் பேல் ஏலுக்குப் பெயர்பெற்றதே அந்த மண்ணின் ஜிப்சம் கரைந்த தண்ணீரால்தான். இஞ்சிக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். படிவுத் தண்ணீர் புளிப்பைக் கொஞ்சம் தின்னும், தேசிக்காய் ஒன்றைக் கூடப் பிழியுங்கள். சவர்த் தண்ணீர் என்றால் மட்டும் வடிகட்டிய குடிநீரை விலைக்கு வாங்குங்கள். உப்புக்கரிக்கும் இஞ்சிப் பியரை மாமியின் பூனைகூடக் குடிக்கவில்லை.

காலை

பானை, அகப்பை, வேட்டித் துண்டு ஆகியவற்றைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுங்கள். பிளாஸ்டிக்குக்கு அந்த வைத்தியம் ஆகாது. நான் ஒருமுறை கொதிநீரைச் சோடாப் போத்தலில் ஊற்றினேன். கண்முன்னே அது முறுகி, குனிந்து, மோர்மிளகாய் வற்றல்போல் சுருங்கியது. வாளி, போத்தல், மூடி, குழாய் எல்லாவற்றுக்கும் வாசனை சேர்க்காத வெளிற்றும் திரவம், அந்த ஐந்து வீதக் குளோரின் திரவம், நாலு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு கொதித்தாறிய தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். குளோரின் மணம் மிஞ்சினால் ஈஸ்ட் திணறும். இந்த வேலைக்கு ஒரு மணித்தியாலம் போகும், அலுப்பாகவும் இருக்கும். என்னிடம் கெட்டுப்போன எல்லாத் தொகுதிகளும் இந்த ஒரு மணித்தியாலத்தில் களவெடுத்தவைதான்.

இஞ்சியைத் தோல் சீவ வேண்டாம். தேங்காய்த் தும்பால் மண் போகத் தேய்த்துக் கழுவி, உரலில் போட்டு இடியுங்கள். துருவியும் போடலாம். மூன்று லீற்றர் தண்ணீரில் இஞ்சி, கராம்பு, கறுவா போட்டு, கொதி வந்ததும் அடுப்பைத் தணித்து இருபது நிமிடம் விடுங்கள். விறகடுப்பு என்றால் மூடிவையுங்கள், இல்லாவிட்டால் புகை வாசம் ஏறும். சிலருக்கு அது பிடிக்கிறது, எனக்கும்தான், ஆனால் முதல்முறையே வேண்டாம். இறக்குவதற்குச் சற்று முன் சீனியையும் நொறுக்கிய பனங்கட்டியையும் போட்டுக் கரையுங்கள். பனங்கட்டியில் தும்பும் மணலும் இருக்கும், வடிகட்டும்போது போய்விடும்.

மச்சானுடைய பேல் ஏலில் இந்த இடத்தில் ஹொப்ஸ் பூக்கள் வரும். ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் வாசனை. நம் இஞ்சியும் அதே குணம்தான். இருபது நிமிடம் கொதித்தது தொண்டைக்குக் காரம் தரும், மூக்குக்கு ஒன்றும் வைக்காது. அதனால் இடித்த இஞ்சியில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்து, அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடுகிறேன். அவனைப் பார்த்துக் கற்றதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

ஆறவிடுதல்

பானையைப் பெரிய தொட்டியிலோ குளிக்கும் பேசினிலோ வைத்து, பானையின் அரைவாசிவரை கிணற்றுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் சுட்டதும் மாற்றுங்கள். சுட்ட தண்ணீரை ஆறியதும் வாழைக்கு ஊற்றலாம். மூன்று மாற்றில் பானையின் வெளிப்புறத்தைக் கை பொறுத்துக்கொள்ளும் நிலை வரும். கடையில் வாங்கிய ஐஸை உள்ளே போட்டு அவசரப்படாதீர்கள். அது கொதிக்காத தண்ணீர். வெளியே தொட்டிக்குள் போடுங்கள், எவ்வளவும் போடலாம்.

இப்போது வேட்டித் துண்டால் வாளிக்குள் வடித்துப் பிழிந்து, இரவு கொதித்தாறிய தண்ணீரை எட்டு லீற்றர் அளவு வரும்வரை ஊற்றுங்கள். தேசிக்காய்ச் சாற்றை விதையில்லாமல் வடித்து விடுங்கள். சுவை பாருங்கள். ஈஸ்ட் கொஞ்சம் இனிப்பைத் தின்றுவிடும், ஆகவே இப்போது ஒரு சொட்டு அதிகமாக இனிக்க வேண்டும்.

ஈஸ்டைப் போடச் சூட்டுமானி இல்லையே என்று காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுக்காதீர்கள். பாதரசம் உள்ள கண்ணாடிக் கருவி சூட்டில் உடைந்தால் எல்லாமே நஞ்சு. குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல் ஒரு சொட்டை மணிக்கட்டில் விடுங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. சுட்டால் காத்திருங்கள். நாற்பது பாகைக்கு மேல் ஈஸ்ட் வாடும், ஐம்பத்தைந்தைத் தாண்டினால் செத்துவிடும். ஒரு கோப்பையில் இந்தத் திரவத்தையே சிறிது எடுத்து, ஈஸ்டைத் தூவி, பத்து நிமிடம் விடுங்கள். மேலே மங்கிய நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது. கட்டவில்லை என்றால் பக்கெற் பழையது, புதிதாக வாங்கிவந்து செய்யுங்கள். நுரைத்ததை வாளியில் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள்.

அடைத்தல்

வாளியை மேசையில் வைத்து, போத்தல்களைத் தரையில் வரிசையாக வையுங்கள். சேலைன் குழாயை வாயால் உறிஞ்சி இழுக்காதீர்கள், வாயில் உள்ளவை எல்லாம் உள்ளே போய்ச் சேரும். குழாயைக் கொதித்தாறிய தண்ணீரால் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையை வாளிக்குள் விட்டு மறுமுனையைத் தாழ்த்தித் திறந்தால் தானாக ஓடும். முதலில் வரும் தண்ணீரை வெளியே விடுங்கள். ஒவ்வொரு போத்தலிலும் மேலே இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருக்கட்டும். மூடியை இறுக்கித் திருகி, மேலே நேரத்தை எழுதுங்கள். மகள் மூடியில் நெயில் பொலிஷால் எழுதுகிறாள், அழியவில்லை.

போத்தல்களை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து மூடி நிழலில் விடுங்கள். புதிய பெட்டியாக இருக்கட்டும். மீன்காரரின் பழைய பெட்டி மலிவு என்று வாங்கினால் அந்த வாசனை உங்களோடு பல மாதம் குடித்தனம் நடத்தும். அதோடு, ஏதாவது வெடித்தாலும் பெட்டிக்குள் வெடிக்கும்.

அழுத்திப் பார்த்தல்

இது என் தொழில். சைக்கிள் ரயருக்குக் காற்றுப் போதுமா என்று பெருவிரலால் அழுத்திப் பார்ப்பீர்களே, அப்படியே போத்தலின் இடுப்பை அழுத்துங்கள். அடைத்த உடன் பழைய ரயர்போல் உள்வாங்கும். சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணித்தியாலத்தில் இறுகத் தொடங்கும். பதினெட்டு மணித்தியாலமளவில் நன்கு காற்றடித்த ரயர்போல் விரலைத் திருப்பித் தள்ளும். மார்கழிக் குளிரில் ஒன்றரை நாள்கூட ஆகலாம். மணிக்கூட்டை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். அடிப்பக்கத்து ஐந்து கால்கள் வெளியே பிதுங்கிப் போத்தல் நிற்காமல் ஆடினால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். மூடியை மெல்லத் திருகிச் சிறிது காற்றை விட்டு மறுபடி இறுக்குங்கள்.

இறுகியதும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பிரிட்ஜுக்குள். குளிரில் ஈஸ்ட் உறங்கும், சாகாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது என் பிரிட்ஜுக்குள் இருந்த நாலு போத்தலும் விழித்துக்கொண்டு உப்பின. ஒவ்வொன்றாகக் காற்றுத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தேன். மின்வெட்டு அறிவித்த கிழமையில் செய்யாதீர்கள். பிரிட்ஜ் இல்லாதவர்கள் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி, அன்றைக்கே குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் செய்யலாம்.

இப்படி நேரத்தோடு நிறுத்தினால் மதுசாரம் சுமார் அரை வீதம்தான் இருக்கும். அரை வீதம் என்றாலும் இல்லை என்று சொல்ல முடியாது. மதுவை முற்றாக விலக்கியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்குமுன் சொல்லிக் கொடுங்கள். ஒரு கிழமைக்குள் குடித்துவிடுங்கள். கடைசி இரண்டு விரல் அளவு அடியில் வண்டலாக நிற்கும், அதைக் கலக்காமல் ஊற்றி வண்டலைக் கொட்டிவிடுங்கள். திறக்கும்போது குளிர்ந்தே இருக்கட்டும். மூடியைத் தடவித் தடவித் திருகுங்கள். அம்மா இன்றைக்கும் அந்தச் "சீ" என்ற சத்தம் கேட்குமுன் அறையை விட்டுப் போய்விடுவார், பிறகு கோப்பையோடு வருவார்.

வேட்டித் துண்டில் மிஞ்சிய இஞ்சிச் சக்கையை எறியாதீர்கள். சுளகில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போத்தலில் போட்டுவையுங்கள். மழை நாளில் தேத்தண்ணீருக்கு ஒரு சிட்டிகை போதும்.